நிறத்துக்குப் பட்டா உண்டா?

(அடி அண்ணாமலையில் நடைபெற்ற முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பசங்களுக்குப் பிரயோஜனமா ஒரு இருபது நிமிஷம் பேசுங்கண்ணே. ஆனா செக்‌ஷன் நம்பரா அடுக்கி எல்லாரையும் தூங்க வெச்சிடாதீங்க" என்று அன்போடு கேட்டுக்கொண்டார். வக்கீலிடம் இப்படிக் கேட்பது, சமையல்காரரிடம் உப்புப் போடாமல் சமையுங்கள் என்பது மாதிரி. இருந்தாலும் முயற்சி செய்கிறேன். கொஞ்சம் உப்பு விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், வணிகவியல் படிக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வி. "சார், ஒரு கம்பெனி ஒரு கலரையே தனக்குச் சொந்தம்னு சட்டப்படி சொல்லிக்க முடியுமா?" கேட்பதற்கு விளையாட்டாக இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியில் பலருடைய பிழைப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரையே பாருங்கள். மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் மேற்குப் பக்கம் இருக்கிறோம். தமிழ்நாட்டுக் கோயில் மதில்களில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பதை நாம் எல்லாரும் சிறுவயதிலிருந்து பார்க்கிறோம். அந்தச் சிவப்பு–வெள்ளைச் சேர்க்கையை யாராவது உரிமை கொண்டாட முடியுமா? குங்குமத்தின் சிவப்புக்கும் மஞ்சளின் மஞ்சளுக்கும் கற்பூரத்தின் வெள்ளைக்கும் ஓனர் யார்? யாரும் கிடையாது. ஆனால் அதே சிவப்பும் வெள்ளையும் ஒரு பல்பொடி டப்பாவில் ஏறியபோது, டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போனது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் எங்க ஆயாவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைக்கு என்னை அனுப்பும்போது பேர் சொல்லி அனுப்பாது. "அந்தச் செவப்பு டப்பா", "மஞ்சக் காயிதம் சுத்தின சோப்பு" என்றுதான் சொல்லும். நான் வேறு எதையாவது வாங்கிவந்தால், கையில் வாங்கும்போதே, "இது அது இல்லடா" என்று திருப்பி அனுப்பும். ஆயாவுக்கு நிறம்தான் எழுத்து. இன்றைக்கும் நாம் பால் பூத்தில் "பச்சை பாக்கெட் ரெண்டு, ஆரஞ்சு பாக்கெட் ஒண்ணு" என்றுதானே கேட்கிறோம்? பௌர்ணமிக்கு ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிற பக்தர்கள் நம் கடைகளில் தமிழ் லேபிளைப் படித்தா சாமான் வாங்குகிறார்கள்? கலரைப் பார்த்துக் கையை நீட்டுகிறார்கள்.

நிறத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. எழுத்தைப் படிக்காமல் நிறத்தை நம்பி வாங்குகிறவர் ஏமாந்துவிடக் கூடாது. கம்பெனிக்குக் கிடைக்கும் உரிமை, அந்த நம்பிக்கையைக் காப்பதற்காகக் கொடுக்கப்படுகிற உரிமை. இதை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இப்போது சட்டம். நம் நாட்டில் நடப்பில் இருப்பது 1999-ஆம் ஆண்டின் டிரேட் மார்க் சட்டம். 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. அதில் 'குறி' என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், பெயர், சொல், எழுத்து, எண், பொருளின் வடிவம், பேக்கிங் இவற்றோடு 'நிறங்களின் சேர்க்கை' என்றும் போட்டிருக்கிறார்கள். 'நிறம்' என்று ஒருமையில் போடவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு வாதம் நடந்திருக்கிறது தெரியுமா?

பல்பொடிக் கதைக்கு வருவோம். கோல்கேட் பல்பொடி டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, மீதி இரண்டு பங்கு வெள்ளை. ஆங்கர் கம்பெனியும் பல்பொடி கொண்டுவந்தது. அதுவும் சிவப்பு, வெள்ளை. கோல்கேட் வழக்குத் தொடுத்தது. "எங்க டப்பாவில் ஆங்கர் என்று பெரிதாகப் போட்டிருக்கிறோமே, பெயர் வேறு, எழுத்து வேறு" என்பது எதிர்த்தரப்பின் நியாயம். 2003 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் கோல்கேட்டுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. படிப்பறிவு இல்லாதவர், விவரமாகப் பார்த்து வாங்கத் தெரியாதவர், டப்பாவின் வடிவத்தையும் நிறத்தையும் வைத்து இது நான் வழக்கமாக வாங்கும் சரக்குத்தான் என்று நம்பி ஏமாந்தால், அது ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்குப் போலக் காட்டி விற்கும் தவறுதான் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எங்க ஆயா முகம்தான் ஞாபகம் வந்தது.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு உதாரணம். உடம்பு பச்சை, சக்கரம் மஞ்சள் என்றால் அது எந்த டிராக்டர் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவீர்கள். ஜான் டீர் டிராக்டரின் அந்தப் பச்சை–மஞ்சள் சேர்க்கையை அந்தக் கம்பெனியின் அடையாளமாக ஏற்றுக்கொண்டு, 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இவை இரண்டும் இரண்டு நிறச் சேர்க்கை. ஒற்றை நிறம்? கிறிஸ்டியன் லூபுட்டான் என்ற பிரெஞ்சு செருப்புக் கம்பெனி. அதன் ஹைஹீல்ஸின் அடிப்பாகம் பளீர் சிவப்பு. 2017 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அந்தச் சிவப்பு அடிப்பாகத்தை நன்கு அறியப்பட்ட குறி என்று ஏற்றார். 2018 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி, சட்டம் 'நிறங்களின் சேர்க்கை' என்றுதான் சொல்கிறது, ஒற்றை நிறம் அதில் வராது என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அந்தத் தள்ளுபடி உத்தரவு நிற்கவில்லை. ஒரே செருப்பு, ஒரே கோர்ட், ஐந்தே மாதம், இரண்டு பதில்!

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு 1995-இல் உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. சலவைக்கடை இஸ்திரி மேடைக்குப் போடும் மெத்தைத் துணியை குவாலிடெக்ஸ் என்ற கம்பெனி 1950-களிலிருந்து பச்சையும் பொன்னும் கலந்த ஒரு தினுசு நிறத்தில் விற்றுவந்தது. 1989-இல் ஜேக்கப்சன் என்ற இன்னொரு கம்பெனி ஏறக்குறைய அதே நிறத்தில் இறக்கியது. "உலகத்தில் நிறமே கொஞ்சம்தான். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் கடைசியில் வருகிறவனுக்கு என்ன மிஞ்சும்?" என்பது ஜேக்கப்சன் தரப்பு வாதங்களில் ஒன்று. நியாயமான வாதம்தான். நீதிமன்றம் சொன்ன பதில்: மற்றவர்களுக்குத் தாராளமாக வேறு நிறம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை; எந்த நிறத்தை எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் தொழிலே செய்ய முடியாதோ, அந்த நிறத்தை யாருக்கும் கொடுக்க மாட்டோம். குவாலிடெக்ஸ் ஜெயித்தது.

சரி, அப்படியானால் நிறத்துக்குப் பட்டா உண்டா, இல்லையா? நம்ம ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். நிலம் வாங்குவதுபோல நிறத்தைக் கிரயம் வாங்க முடியாது. ஆனால் பல வருஷம் ஒரே இடத்தில் பயிர் வைத்து, ஊரே "அது அவர் கழனி" என்று சொல்லும்படி ஆனவருக்கு ஒரு அனுபோக பாத்தியம் வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் இது. பத்திரம் என்று இருந்தால் அதில் நான்கெல்லை எழுத வேண்டும் அல்லவா? நிற உரிமைக்கும் நான்கெல்லை உண்டு. ஒன்று தவறினாலும் உரிமை ஆட்டம் காணும்.

முதல் எல்லை, எந்த நிறம் என்பது. "ஊதா என்னுடையது" என்றால் போதாது. எந்த ஊதா, எங்கே, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். கேட்பரி சாக்லேட்டின் ஊதா நிறம் உலகத்துக்கே தெரியும். பேன்டோன் 2685 சி என்று எண் போட்டுத்தான் இங்கிலாந்தில் பதிவு கேட்டார்கள். நெஸ்லே எதிர்த்தது. விண்ணப்பத்தில், உறையின் முழுப் பரப்பிலும் அல்லது பிரதானமாக இந்த நிறம் என்கிற பாணியில் எழுதியிருந்தார்கள். 'பிரதானமாக' என்றால் எவ்வளவு? அது தெளிவாக இல்லை என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவை மறுத்துவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2003-இலேயே, காகிதத்தில் ஒட்டிய நிற மாதிரி மட்டும் போதாது, அது நாளாவட்டத்தில் மங்கிவிடும் என்று சொல்லிவிட்டது.

இரண்டாவது எல்லை, எந்தச் சரக்கு. டிராக்டர்க்காரரின் பச்சை–மஞ்சள் டிராக்டரோடும் அதைச் சேர்ந்த தொழிலோடும் சரி. அதை வைத்துக்கொண்டு வாழைப்பழக் கடைக்காரர் போர்டில் பச்சையும் மஞ்சளும் அடிக்கக் கூடாது என்று சாதாரணமாக யாரும் தடுக்க முடியாது. சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்து, எந்த வகுப்பில் என்று கேட்டுத்தான் பதிவு செய்கிறார்கள்.

மூன்றாவது எல்லை, எவ்வளவு காலம், எவ்வளவு பேர். நேற்று கடை திறந்து இன்றைக்கு நிறம் கேட்க முடியாது. 2016-இல் ஐ.டி.சி. கம்பெனி மஞ்சளும் நீலமும் சேர்ந்த உறையில் ஒரு டைஜஸ்டிவ் பிஸ்கட் கொண்டுவந்தது. சில மாதங்களில் பிரிட்டானியாவும் மஞ்சள்–நீல உறையில் ஒன்று இறக்கியது. ஐ.டி.சி.க்கு முதலில் தடையுத்தரவு கிடைத்தது. ஆனால் 2017 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. இத்தனை குறுகிய காலத்தில் அந்த நிறச் சேர்க்கை ஐ.டி.சி.யைத்தான் குறிக்கிறது என்று ஜனங்கள் மனசில் பதிந்துவிட்டதாகச் சொல்ல ஆதாரம் போதாது என்பது காரணம். இரண்டு பக்கமும் மலைபோல் நின்ற கம்பெனிகள். பணத்தால் காலத்தை வாங்க முடியவில்லை பாருங்கள்.

நான்காவது எல்லைதான் நம் போன்றவர்களுக்கு முக்கியம். அந்த நிறத்துக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்குச் சிவப்பு, வேப்பிலைச் சோப்புக்குப் பச்சை, சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி, இதெல்லாம் சரக்கைப் பற்றித் தகவல் சொல்கிற நிறம். அதை ஒருவர் வேலி போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் படகு மோட்டாருக்குக் கறுப்பு நிறம் எங்களுக்கே வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்டது. கறுப்பு எல்லாப் படகுக்கும் பொருந்தும், மோட்டாரைச் சின்னதாகவும் காட்டும், ஆகவே அது எல்லாருக்கும் தேவை என்று 1994-இல் மறுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2007-இல் சிப்லா மருந்துக் கம்பெனி தன் ஆரஞ்சு நிற மாத்திரைக்காக வழக்குப் போட்டபோது, மருந்தை ஜனங்கள் பெயரைச் சொல்லி வாங்குகிறார்கள், நிறத்தைச் சொல்லி அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஏகபோகம் தர மறுத்தது.

கோர்ட்டுகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்று கேட்பீர்கள். ஒரு புதிய சாயம் கண்டுபிடித்தால் அதன் செய்முறைக்குப் பேட்டன்ட் கொடுப்பார்கள். 20 ஆண்டில் அது முடிந்து எல்லாருக்கும் பொதுவாகிவிடும். டிரேட் மார்க் அப்படி இல்லை. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்கு முடிவே கிடையாது. முடிவில்லாத பூட்டை எங்கே போடுகிறோம் என்று யோசிக்கத்தானே வேண்டும்? இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மும்பையில் பிறந்த சிற்பி அனீஷ் கபூர் 2016-இல் வான்டாபிளாக் என்ற அதிகறுப்புப் பூச்சைக் கலைக்குப் பயன்படுத்தும் தனி உரிமையைப் பெற்றார். உலகம் முழுக்க ஓவியர்கள் கோபப்பட்டார்கள். அவர் பெற்றது ஒரு கம்பெனி தயாரித்த பூச்சுப் பொருளைப் பயன்படுத்தும் உரிமை. கறுப்பு நிறம் எப்போதும்போல எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது.

இனி நம் ஊர்க் கதை. நம் கல்லூரியில் எனக்கு ஜூனியர் ஒருவர், வீட்டிலேயே நாலைந்து பெண்களை வைத்து ஊதுபத்தி பாக்கெட் போட்டுக் கிரிவலப் பாதைக் கடைகளுக்குக் கொடுத்துவருகிறார். ஒருநாள் கையில் ரிஜிஸ்டர் தபாலோடு வந்தார். முகத்தில் ரத்தமில்லை. ஒரு பெரிய கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ். "உங்கள் உறையின் நீலமும் பொன்னிறமும் எங்கள் கட்சிக்காரருடையவை. 7 நாளில் நிறுத்த வேண்டும். தவறினால் நஷ்டஈடு" என்று ஆங்கிலத்தில் நான்கு பக்கம்.

"அண்ணே, 20 ஆயிரம் கவர் சிவகாசியில் அடிச்சு வெச்சிருக்கேன். கொளுத்திட்டுத் தொழிலையே விட்டுடட்டுமா?" என்றார். "கொளுத்தறது ஊதுபத்தியோட இருக்கட்டும், நீ உட்கார்" என்றேன். அவர் கவரையும் அவர்கள் கவரையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தோம். படம் வேறு, எழுத்து வேறு, அளவு வேறு. நிறம் மட்டும் ஒன்று. பிறகு ஒரு பையனை அனுப்பி, டவுனில் நாலைந்து கடையில் நீலமும் பொன்னிறமும் உள்ள ஊதுபத்தி எத்தனை கிடைக்கிறதோ அத்தனையும் வாங்கிவரச் சொன்னேன். பதினோரு கம்பெனிப் பாக்கெட் வந்தது! பதினோரு பேர் நடக்கிற பாதையை ஒருவர் தன் வீட்டு முற்றம் என்று சொல்ல முடியுமா?

அந்தப் பதினோரு பாக்கெட்டையும் குறிப்பிட்டு, அந்த நிறச் சேர்க்கை எந்த நம்பரில், எந்த வகுப்பில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுப் பதில் நோட்டீஸ் அனுப்பினோம். சட்டத்தின் 142-ஆம் பிரிவையும் மரியாதையாக ஞாபகப்படுத்தினோம். ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அந்த மிரட்டல் நியாயமற்றது என்று அறிவிக்கும்படியும் அதை நிறுத்தும்படியும் நஷ்டஈடும் கேட்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. செயலாளர் மன்னிக்கவும், ஒரு செக்‌ஷன் நம்பர் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கம்பெனியிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. கவர் தீரும்வரை விற்றார். அடுத்த அச்சில் தன் பெயரை இரண்டு மடங்கு பெரிதாகப் போட்டுக்கொண்டார்.

இதைக் கேட்டுவிட்டு, யார் கலரையும் எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்னொருவர் வந்தார். நன்றாக ஓடும் ஒரு பிராண்டின் டப்பாவை என் மேஜைமேல் வைத்து, "சார், பேர் மட்டும் வேற. மத்ததெல்லாம் இதே மாதிரி போட்டா கேஸ் நிக்காதுல்ல?" என்றார். "நிக்கும். அதைவிட முக்கியம், உங்க கடைக்கு வர்ற கிழவி ஏமாந்து போவா. ஏமாந்தவ மறுமுறை உங்க கடைக்கு வர மாட்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சட்டம் ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்று என்று இந்த விஷயத்தில் இல்லை. கேள்வி ஒன்றுதான்: வாங்குகிறவர் குழம்புகிறாரா, இல்லையா?

தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தை. உங்களில் பலர் நாளைக்குச் சொந்தத் தொழில் தொடங்குவீர்கள். சாமானுக்கு ஒரு பெயரும் ஒரு நிறச் சேர்க்கையும் தேர்ந்தெடுத்தால், அதை அடிக்கடி மாற்றாதீர்கள். முதல் நாள் அச்சடித்த கவர், பில், விளம்பர நோட்டீஸ் எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு அனுபோகத்துக்கு அதுதான் சாட்சி. முடிந்தால் பதிவு செய்யுங்கள். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது; 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 9,000. டிரேட் மார்க் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நம் மாவட்டமும் அதன்கீழ்தான். நிறம் உங்களுக்கு முக்கியம் என்றால் விண்ணப்பத்திலேயே நிறச் சேர்க்கையைக் கேட்டு வாங்குங்கள். நிறத்தைக் குறிப்பிடாமல் பதிந்தால், எல்லா நிறத்துக்கும் பதிந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதிலும் ஒரு லாபம் உண்டு. எது நல்லது என்று முன்கூட்டியே ஒரு வக்கீலைக் கேளுங்கள். நோட்டீஸ் வந்தபிறகு கேட்பதைவிட அது மலிவு!

நோட்டீஸ் வந்தால் கவரைக் கொளுத்தாதீர்கள். மூலையில் போட்டு வைத்துவிடவும் செய்யாதீர்கள். நான்கெல்லையைக் கேளுங்கள். எந்த நிறம், எந்தச் சரக்கு, எத்தனை காலம், வேறு யாருக்கும் அது தேவையில்லையா? நான்குக்கும் சரியான பதில் இருந்தால் மரியாதையாக விலகிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிமிர்ந்து நின்று பதில் எழுதுங்கள்.

 வெளியே பந்தி தயாராக இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது.